அடிபட்ட கண்ணுக்கு இரண்டாவது வாரத்தில் யார் பொறுப்பு?

கண்ணில் அடிபட்டு ஒருவர் வந்தால் ஊரில் முதலில் நடப்பது ஒரு சோதனை. நல்ல கண்ணைக் கையால் மூடச் சொல்லி, அடிபட்ட கண்ணுக்கு நேராக விரலை நீட்டுவார்கள். "எத்தனை தெரியுது?" "ரெண்டு." "அப்புறம் என்ன, ஒண்ணும் இல்ல, போ." சிவப்பு வடிய நான்கு நாள் சொட்டு மருந்து, வீக்கம் வற்றியதும் வேலை. வீட்டில் மட்டுமல்ல, சிறிய மருத்துவமனைகள் பலவற்றிலும் கண் காயம் இந்த இடத்தில்தான் முடித்துவைக்கப்படுகிறது. விழித்திரை விலகிப் பார்வை இழந்தவர்கள் பலருடைய துயரம் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

அடிபட்ட அன்றே விழித்திரை கழன்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கண்ணில் மொத்தையான அடி வாங்கி, அதன்பின் விழித்திரை விலகியவர்களை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காக்ஸ், ஸ்கெபென்ஸ், ஃப்ரீமேன் ஆகிய மருத்துவர்கள் ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டார்கள். உடனடியாக விலகல் தெரிந்தவர்கள் 12 சதவீதம்தான். ஒரு மாதத்துக்குள் 30 சதவீதம், எட்டு மாதத்துக்குள் 50 சதவீதம், இரண்டு ஆண்டுக்குள் 80 சதவீதம். மிச்சம் உள்ளவர்களுக்கு அதற்கும் பிறகு. பொங்கலில் பட்ட அடிக்கு ஆடியிலோ அடுத்த பொங்கலிலோ பார்வை போகலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள். அப்போது அந்த அடியை நினைவில் வைத்திருப்பவர் யார்?

பொங்கலைச் சொல்லக் காரணம் உண்டு. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டியிருக்கும் குயிலாப்பாளையத்தில் பொங்கல் நாட்களில் மஞ்சுவிரட்டு நடக்கும். ஆரோவில்வாசிகளான வெளிநாட்டினரும் வந்து நிற்பார்கள். மாட்டுக் கொம்பு கண்ணில் குத்துவது நம் மாநிலத்துக் கண் மருத்துவர்களுக்குப் பழகிய காயம். கொம்பு நுனி கிழித்தால் ரத்தம் கொட்டும், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கொம்பின் பக்கவாட்டோ, மாட்டின் தலையோ, தள்ளுமுள்ளில் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையோ கண்ணில் மோதினால் வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணுக்குள் விழித்திரையின் ஓரத்தைக் கிழித்துவிட்டுப் போகக்கூடியது இந்த இரண்டாவது அடி.

விழா ஒரு நாள்தான். மற்ற நாட்களில் கண்ணுக்கு ஆபத்து வேலையில் இருக்கிறது. செம்மண் மேட்டில் முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் நிறைந்த பகுதி இது. விறகு பிளக்கையில் சிலாம்பு தெறிக்கும், கழித்த கிளை திருப்பி அடிக்கும். ஆரோவிலைச் சுற்றிய ஊர்களில் தச்சு, கொத்து, இரும்பு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கு கருவிழியைத் துளைத்துக்கொண்டு விழித்திரை வரை போய் உட்காரும். ஊசி குத்தியதுபோல் ஒரு நொடி வலித்து அடங்கிவிடும். துளை சிறியது என்பதால் பார்வை அன்றைக்குத் தெளிவாகக்கூட இருக்கும். உள்ளே தங்கிய இரும்போ துருவேறி, மாதக்கணக்கில் விழித்திரையை நஞ்சாக்கிக்கொண்டிருக்கும். ஒரு எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எடுக்கச் சொல்ல ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். கழுவெளியின் உப்புநீரை ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்கள். உப்பு வெளிச்சம் விழித்திரையைக் கழற்றிவிடும் என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயில் கருவிழியையும் வெள்ளைவிழியையும்தான் கெடுக்கும். சதை வளரும், கூசும், நீர் வடியும். ஆனால் அங்கே வேறொரு ஆபத்தை நான் காண்கிறேன். ஆண்டில் பாதிக்கு மேல் கண் கூசிக்கொண்டும் நீர் வடிந்துகொண்டும் இருக்கிறவருக்கு, புதிதாக வந்த தொல்லை தனியாகத் தெரியாது. "உப்பு வேலைன்னா அப்படித்தான்" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவார். விழித்திரை விலகல் வலிக்காது என்பதால் இந்தக் கணக்கு எளிதில் பொருந்திவிடுகிறது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கண்ணின் பின்சுவரில் உட்புறமாக ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம் விழித்திரை. அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லை. அதன் முன்னே கண் முழுவதையும் நிறைத்திருப்பது விட்ரியஸ் என்கிற கூழ். கண்ணில் அடி விழுந்தால் விழி முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் புடைக்கும். அந்தக் கணத்தில், விழித்திரையின் ஓரத்தோடு இறுகப் பிணைந்திருக்கும் கூழ் அதை இழுத்துக் கிழிக்கும். கீழ்ப்புறம் காதுப்பக்கமாகக் கிழிவது அதிகம், அந்தப் பக்கம்தான் எலும்பின் காவல் குறைவு. இளவயதினருக்குக் கூழ் கெட்டியாக இருக்கும். அதுவே சில மாதங்களுக்குக் கிழிசலை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னர் கூழ் இளக இளக நீர் கிழிசல் வழியே இறங்கும். சுவரொட்டியின் மேல்முனை பிரிந்த இடத்தில் மழைநீர் புகுந்து முழுத் தாளையும் சுவரிலிருந்து பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரையும் அப்படித்தான் பிரிகிறது. பின்சுவரிலிருந்து கிடைத்துவந்த ஊட்டம் நின்றதும், ஒளியை உணரும் செல்கள் மடியத் தொடங்கும். நடுப்புள்ளியான மாக்குலா பிரிந்துவிட்டால் மீட்பதற்கான அவகாசத்தை நாட்களில்தான் எண்ண வேண்டும்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. இருட்டில் ஓரக்கண்ணில் மின்னல் வெட்டும். திடீரென்று கொசுக்கூட்டம் பறப்பதுபோல் கரும்புள்ளிகள் மிதக்கும். பிறகு ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கும். பிரச்சினை என்னவென்றால், மற்றொரு கண் நன்றாக இருப்பதால் ஒரு கண்ணின் ஓரத்தில் விழும் திரையை மூளை கண்டுகொள்வதில்லை. தூசு விழுந்து நல்ல கண்ணைத் தேய்க்கும்போது, அல்லது வண்டி ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பார்க்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குள் மாக்குலா போயிருக்கும்.

இதில் என் மனம் ஆறாத செய்தி ஒன்று உண்டு. கிழிசலை நீர் இறங்குவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தேவையில்லை. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் ஓரம் வரை பார்த்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டால் போதும். சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். விரலை எண்ணச் சொல்வதற்கும் பாப்பாவை விரித்துப் பார்ப்பதற்கும் இடையில் ஒரு கண்ணே அடங்கியிருக்கிறது.

ஓரம் வரை பார்க்கும் வித்தையே அவ்வளவு பழையதல்ல. 1912-இல் அமெரிக்கக் கண் மருத்துவர்களிடம் விசாரித்தபோது, விழித்திரை விலகலில் குணமானவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்றுதான் தெரிந்தது. கிழிசல்தான் காரணம், அதை மூடினால் விழித்திரை படியும் என்று நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனன். அவரை நம்ப உலகத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்கு எதிராக மறைந்து இயங்கிய பெல்ஜிய மருத்துவர் சார்லஸ் ஸ்கெபென்ஸ், தலையில் மாட்டிக்கொண்டு இரு கண்ணாலும் விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும் கருவியை உருவாக்கிப் பின்னர் பாஸ்டனில் பெரிய விழித்திரை மருத்துவப் பள்ளியை வளர்த்தார். அவரிடம் படித்துவிட்டு 1970-இல் நாடு திரும்பியவர் சென்னையின் எஸ்.எஸ்.பத்ரிநாத். 1978-இல் அவர் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் பயின்ற விழித்திரை நிபுணர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். அதே 1970-இல் மயாமி நகரில் ராபர்ட் மாக்கெமர், கண்ணுக்குள் நுண்கருவியை நுழைத்துக் கூழை வெட்டி உறிஞ்சி எடுக்கும் விட்ரெக்டமியைச் செய்துகாட்டினார். காயம்பட்ட கண்ணுக்கு வாசல் திறந்தது அன்றுதான். அதுவரை உள்ளே ரத்தம் நிறைந்த கண்ணைத் தைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர மருத்துவருக்கு வழியில்லை.

நம் மாநிலத்தில் இதற்கு ஆளில்லை, இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை 2003 முதல் தவளக்குப்பத்தில் இயங்குகிறது. குயிலாப்பாளையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் அதுவும் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கின்றன. விழித்திரையைத் தாங்கப் பயன்படும் சிலிகான் எண்ணெயை மதுரை ஆரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கண்கள் ஏன் போகின்றன? குறை அறுவை அரங்கில் இல்லை என்பது என் துணிபு. முதல் சிகிச்சைக்கும் இரண்டாவது சிகிச்சைக்கும் நடுவில் உள்ள நாட்களில்தான் நாம் நோயாளியைத் தொலைக்கிறோம்.

கிழிந்த கண்ணை எடுத்துக்கொள்வோம். விழி பிளந்துவிட்டால் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டம் கூடியவரை 24 மணிநேரத்துக்குள். பிளவைத் தைத்து மூடுவது, கிருமி ஏறாமல் மருந்து கொடுப்பது. இதைப் பொதுவான கண் அறுவை மருத்துவர் செய்துவிடுவார். அந்தத் தையல் நல்லபடி விழுவதற்கு வீட்டார் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம். தாய்ப்பால் விடக் கூடாது, நந்தியாவட்டைச் சாறு பிழியக் கூடாது, விளக்கெண்ணெய் கூடாது, நாக்கால் துழாவித் தூசி எடுக்கக் கூடாது. குத்தி நிற்கும் முள்ளையோ கம்பியையோ பிடுங்கக் கூடாது. பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் பிளவு வழியே கண்ணின் உள்ளடக்கம் வெளியே பிதுங்கும். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பின் மேல் நிற்கும்படி கவிழ்த்து ஒட்டினால் போதும். மயக்கம் கொடுக்க நேரிடும் என்பதால் வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் புறப்பட வேண்டும். சுண்ணாம்போ அமிலமோ பட்டால் மட்டும் கதை வேறு. அங்கே முதல் மருந்தே தண்ணீர்தான், நிறுத்தாமல் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

தையல் போட்டாயிற்று. கண் மூடியிருக்கிறது, வலி குறைகிறது, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "உயிருக்கு ஒண்ணுமில்ல, கண்ணும் தச்சாச்சு" என்ற நிம்மதியோடு குடும்பம் திரும்புகிறது. உள்ளேயோ ஆபத்து அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது. காயம் பட்ட இடத்திலெல்லாம் தழும்பு கட்டுவது உடம்பின் இயல்பு. தொடையில் கட்டினால் நல்லது. கண்ணுக்குள் சிந்திய ரத்தத்தையும் கூழையும் பற்றிக்கொண்டு தழும்புச் செல்கள் விழித்திரையின் மேலும் அடியிலும் பரவினால், அந்தத் தழும்பு சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்துச் சுருட்டும். பி.வி.ஆர். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். காயம்பட்ட கண்ணில் விழித்திரை அறுவை தோற்பதற்கு முதன்மையான காரணமும் இதுவே.

ஆகவே இரண்டாவது கட்ட அறுவைக்கு ஒரு காலம் இருக்கிறது. முதல் ஓரிரு நாளில் செய்தால் உள்ளே ரத்தம் பெருக்கெடுக்கும் ஆபத்து, கண் வீங்கியிருக்கும், கூழ் விழித்திரையை விட்டுப் பிரிந்திருக்காது. ஒரு மாதம் தள்ளினால் தழும்பு முந்திவிடும். இடைப்பட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை என்பது பல விழித்திரை மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. கிருமித் தொற்றோ இரும்புத் துணுக்கோ இருந்தால் அதற்கும் முன்பே. அந்த அறுவையில் அரை மில்லிமீட்டர் அளவிலான மூன்று துளைகள் வழியே கருவிகள் உள்ளே போகும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும் முனையால் ரத்தம் தோய்ந்த கூழை எடுப்பார்கள். தழும்புப் படலத்தை நுண்ணிய இடுக்கியால் உரிப்பார்கள். நீரைவிடக் கனமான ஒரு திரவத்தை விட்டு விழித்திரையைச் சுவரோடு படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, கடைசியில் வாயுவையோ சிலிகான் எண்ணெயையோ நிரப்புவார்கள். சிலருக்கு விழியைச் சுற்றி வெளியே சிலிகான் பட்டையும் கட்டுவார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. எண்ணெய் நிரப்பிய கண்ணுக்குச் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு அறுவை.

அறுவை முடிந்ததும் "குப்புறப் படுங்கள்" என்பார்கள். வாயு மேல்நோக்கி மிதக்கும். முகத்தைக் கவிழ்த்தால்தான் அது பின்சுவரில் உள்ள கிழிசலை அழுத்திப் பிடிக்கும். வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, ஊட்டி, கொடைக்கானல் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடும். இவையெல்லாம் அச்சிட்ட தாளில் இருக்கும். அச்சில் இல்லாதது வீட்டு நிலைமை. ஒற்றை அறை வீட்டில், குழந்தைகள் ஓடும் தரையில், பகலும் இரவும் ஒரு வாரம் குப்புறக் கிடக்க எத்தனை பேருக்கு இடம் உண்டு? குனிந்தபடியே சாப்பிட வேண்டும், குனிந்தபடியே கழிப்பறை போக வேண்டும், அதற்கு ஒருவர் வேலைக்குப் போகாமல் உடனிருக்க வேண்டும். தலையில் உப்புக் கூடை சுமப்பவர், சிமென்ட் சட்டி சுமப்பவர் வாரக்கணக்கில் சுமை தூக்க முடியாது. உப்பு வாரும் பருவத்தில் அது நடந்தால் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி போயிற்று. காப்பீட்டில் அறுவைக்குச் செலவு கிடைத்தாலும் அந்தக் கூலியை எந்த அட்டையும் தருவதில்லை. இரண்டாவது அறுவைக்கு வராதவரை "அலட்சியம்" என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

பலன் என்ன என்று கேட்பார்கள், நேர்மையாகச் சொல்ல வேண்டிய கேள்வி அது. விழித்திரை ஒட்டிவிட்டது என்பதற்கும் பார்வை வந்துவிட்டது என்பதற்கும் தூரம் அதிகம். காயத்தின் கடுமையை மதிப்பெண்ணாக்கிப் பலனை முன்கூட்டிக் கணிக்கும் முறை ஒன்றை ஃபெரன்ஸ் குன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2002-இல் வகுத்தார்கள். வந்த அன்று கையசைவு மட்டும் தெரிந்தால் 70 மதிப்பெண். விழித்திரை விலகியிருந்தால் 11 கழியும், உள்ளே கிருமித் தொற்று இருந்தால் 17 கழியும், குத்திய பொருள் விழியின் பின்புறம் வழியே வெளியேறியிருந்தால் 14 கழியும். கையசைவு மட்டும் தெரிந்து விழித்திரையும் விலகியவர் 59-இல் நிற்பார். அந்த வகுப்பில் இருப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் வண்டி ஓட்டும் அளவுக்கு நல்ல பார்வை பெறுகிறார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வெளிச்சமும் தெரியாமல் போகிறது. இடையில் இருப்பவர்களுக்கு ஆள் அடையாளம், படிக்கட்டின் விளிம்பு, எதிரே வரும் வண்டி என்கிற அளவில் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. மற்றொரு கண்ணுக்கு நாளை என்ன ஆகும் என்று தெரியாத உலகத்தில் அந்த மிச்சம் பெரிது.

இரண்டாவது கட்டத்தை ஒழுங்காக நடத்தினால் என்ன சாத்தியம் என்பதற்கு 2016-இல் ஸ்ரீநகரில் நடந்ததைப் பார்க்கலாம். ஊரடங்கு நடந்த அந்தக் கோடையில் பெல்லட் துப்பாக்கிகளின் ஈயக் குண்டுகள் பட்டு நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் இளைஞர்களும் சிறுவர்களும், கண்ணில் காயத்தோடு எஸ்.எம்.எச்.எஸ். அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதல் தையலை அங்கிருந்த அரசு மருத்துவர்களே இரவு பகலாகப் போட்டார்கள். அடுத்த கட்டமான விழித்திரை அறுவைக்கு, சங்கர நேத்ராலயாவில் பயிற்சி பெற்று மும்பையில் பணியாற்றும் தமிழரான டாக்டர் எஸ்.நடராஜன் குழுவோடு அங்கே போனார். ஒரு முறை போய் முடித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் மறுபடியும் போனார், ஏனெனில் இந்தக் கண்கள் ஒரு அறுவையில் தீர்பவை அல்ல. நோயாளிகள் மருத்துவரைத் தேடி மலையிறங்க வேண்டியிருந்தால் அவர்களில் பலர் அந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டிருப்பார்கள். ஒரு கண்ணுக்குள் குண்டு ஏன் போனது என்ற கேள்விக்கு அறுவை அரங்கில் பதில் இல்லை. அந்தக் கேள்வியை இந்த நாடு தன்னிடம் இன்னும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் தையலுக்கும் இரண்டாவது அறுவைக்கும் இடையே ஒரு பாலம் போட முடியும் என்பதை அந்த மருத்துவர்கள் ஊரடங்குக்கு நடுவிலும் காட்டினார்கள். ஊரடங்கில் முடிந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஓடும் ஊரில் முடியாதா?

சட்டம் இந்தக் கண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, மறு கண் நன்றாக இருக்கையில் ஒரு கண்ணே போய்விட்டால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று கணக்கிட்டார்கள். விழி உருக்குலையாமல் பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். ஒரு கண் முழுதாகப் போய் மறு கண் நன்றாக இருப்பவருக்கு மதிப்பிடுவது 30 சதவீதம்தான். அதாவது அவர் சலுகைக்குரியவர் அல்லர். கண் போவதற்கு முன்னும் ஆளில்லை, போன பின்னும் ஆளில்லை. மன்சூர் அலிகான் பட்டோடி 1961-இல் கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்து, சில மாதங்களில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் எடுத்தார் என்பதைச் சொல்லி ஒற்றைக் கண்ணோடு வாழலாம் என்று ஆறுதல் கூறுவார்கள். வாழலாம். சாரம் ஏறும் கொத்தனாருக்கும் இருட்டில் கட்டுமரம் தள்ளுபவருக்கும் தூரத்தைக் கணிக்கும் திறன் குறைவது விளையாட்டுச் செய்தி அல்ல.

"ஒரு கண்ணுதானே" என்பவர்களுக்கு லூயி பிரெயிலை நினைவூட்ட வேண்டும். 1812-இல் மூன்று வயதில், தந்தையின் தோல் பட்டறையில் குத்தூசி ஒரு கண்ணில் குத்தியது. அடிபடாத மறு கண்ணும் அழன்று, ஐந்து வயதுக்குள் இரண்டும் போயின. காயம்பட்ட கண்ணின் மேல் எழும் உடலின் எதிர்ப்பு நல்ல கண்ணையும் தாக்கும் அந்த நோய் இன்று அரிது. அரிதாக இருப்பதற்குக் காரணமே, கிழிந்த கண்ணை உடனே தைத்துத் தொடர்ந்து கவனிப்பதுதான். மறு கண் மங்கினால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணிநேரச் சிகிச்சையை அரசு ஏற்பது. நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனால் சவுக்குக் கிளையோ உளித் துணுக்கோ மாட்டுக் கொம்போ சாலை விபத்து அல்ல. மேலும் விழித்திரைக்கு வேண்டிய அறுவை 48 மணிநேரத்துக்குள் வருவதே இல்லை, இரண்டாவது வாரத்தில் வருகிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 தர முன்வந்த இதே அரசு, கண் அறுவைக்காகக் குப்புறக் கிடக்கும் வாரங்களுக்கும் ஒரு தொகை தருவது கருவூலத்துக்குச் சுமையாகாது. 1998-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எடுத்த கணக்கு, காயத்தால் ஒரு கண் பார்வை போனவர்கள் அல்லது மங்கியவர்கள் உலகில் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் என்றது. கண் புரைக்கு நாம் ஊர்தோறும் முகாம் நடத்துகிறோம், வாகனம் அனுப்பிக் கூட்டிவருகிறோம், கண்ணாடி கொடுத்து வீட்டில் விடுகிறோம். காயம்பட்ட கண்ணுக்கு அந்த வாகனம் ஏன் போவதில்லை?

விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கி வைக்கட்டும். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கண் காயத்துக்குத் தனிப் பதிவேடு வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் பாப்பாவை விரித்துப் பார்த்தோம் என்ற குறிப்பு அதில் ஏற வேண்டும். பிறகு ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு எனத் தேதி எழுதிய அட்டையை நோயாளி கையில் கொடுக்க வேண்டும். தேதி தவறினால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தைத்து அனுப்பும் மருத்துவமனை, இரண்டாவது அறுவை எங்கே, எந்தத் தேதியில் என்பதைத் தானே பேசி உறுதிசெய்த பிறகே நோயாளியை அனுப்ப வேண்டும். அவர் தமிழ்நாட்டுக்காரர், மருத்துவமனை புதுச்சேரியில் என்பது அவரை அலைக்கழிக்கும் காரணமாக இருக்கக் கூடாது. மஞ்சுவிரட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது மருத்துவக் குழுவைக் கேட்கிறோம். அந்தக் குழுவில் ஒரு கண் மருத்துவரும், முகத்தில் அடிபட்ட ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிவைக்கும் பதிவேடும் இருக்கட்டும். உப்பளத்திலும் மரப்பட்டறையிலும் இரும்புப் பட்டறையிலும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பதை வேலை கொடுப்பவரின் பெருந்தன்மைக்கு விட்டுவைக்க வேண்டாம். தொழிலாளர் நல வாரியமே வாங்கிக் கொடுக்கட்டும்.

அதுவரை உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணில் பலமாக அடிபட்டால், பார்வை தெரிந்தாலும் சரி, வலி போய்விட்டாலும் சரி, கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், "பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அடிபட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு ஆண்டு வரை, மாதம் ஒருமுறை நல்ல கண்ணை மூடி அடிபட்ட கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மின்னலோ கரும்புள்ளியோ ஓரத்தில் திரையோ தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.